கூப்பிடு தூரம்

மையம் இல்லாத அமைப்பு நியாயமான அமைப்பு என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. அதிகாரம் ஓரிடத்தில் குவிவதால் அநீதி நேர்கிறது. குவியலைக் கலைத்துவிட்டால் மீதியை மனிதர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அதன் தர்க்கம். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு பொருள் இப்போது கையில் கிடைத்திருக்கிறது.

அணுகுண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத செய்தித் தொடர்பு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்த பால் பாரன், 1960-களின் தொடக்கத்தில் மையத்தைக் கைவிட்டு வலைக்கு வந்தார். 2025 ஜூலையில் ஜாக் டார்சி வெளியிட்ட பிட்சாட் அந்த யோசனையின் கைக்கு அடக்கமான வடிவம். டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஒரு செல்போன் புளூடூத் வழியே பக்கத்துச் செல்போனுக்குச் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்லும். அதிகபட்சம் 7 தாவல். இடையில் இருப்பவர், தமக்கு வராத, தம்மால் படிக்கவும் முடியாத அந்தரங்கச் செய்தியைத் தம் பேட்டரிச் செலவில் சுமக்கிறார். கூலி இல்லை, நன்றி இல்லை. இதைத் தர்மம் என்று சொல்லிவிடத் தோன்றும்.

நான் இருக்கும் ஆரணி, பட்டுக்குப் பேர்போன ஆரணி அல்ல. பெரியபாளையத்தை அடுத்து ஆரணியாற்றங்கரையில் இருப்பது. ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் இங்கே கரையோரத்தில் தூக்கம் போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலேயே மின்சாரம் நின்று, டவர்கள் ஓய்ந்து, செல்போன்கள் ஊமையாயின. ஆகவே இந்த விஷயம் எங்களுக்கு வேடிக்கை இல்லை.

ஆனால் புளூடூத் எட்டுவது சில பத்து மீட்டர். ஏறக்குறையக் கூப்பிடு தூரம். நம் கிராமங்களில் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடக்கும் வயல் பல இடங்களில் அதைவிட அகலம். அந்த இடைவெளி தற்செயலாக விழுந்ததில்லை, விலக்கி வைப்பதற்காக விடப்பட்டது. மென்பொருளுக்கு ஜாதி தெரியாது. தெரியாததாலேயே, ஜாதி அளந்து வைத்த தூரத்தை வெறும் தூரமாக ஏற்றுக்கொண்டு, வயலுக்கு இந்தப் பக்கம் ஒரு வலை, அந்தப் பக்கம் ஒரு வலை என்று நின்றுவிடும். மையம் இல்லை என்பதால் குற்றம் சாட்டவும் ஆள் இல்லை.

செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் வரப்பின்மேல் நடந்து போனால் போதும், செய்தியும் அவரோடு கடந்துவிடும். தர்மம் என்ற கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். சுமப்பது தெரியாமல் சுமப்பதில் தீர்மானம் ஏதும் இல்லை. செல்போன்காரர் தூங்கும்போதும் அது நடக்கும். நடப்பதற்கோ விழித்திருக்க வேண்டும்.

வெள்ளத்தன்று யாராவது நடப்பார்கள். ஆபத்தில் மனிதர்கள் அப்படித்தான். வெள்ளமில்லாத நாளில் அந்த வரப்பில் அவர்களுக்கு என்ன வேலை இருந்தது என்று கேட்பதுதான் கஷ்டம்.