எது எளிதாக வேண்டும்? ஆயில் வால்வும் கவனத்தின் அறமும்

என்ஜினின் அடியில், ஆயில் சம்ப்பின் தாழ்வான இடத்தில் ஒரு டிரெயின் போல்ட் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு அங்கே நிரந்தரமாகப் பொருத்தும் சிறு அடைப்பானே ஆயில் வடிக்கும் வால்வு. போல்ட் உள்ள வண்டியில் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ஸ்பேனர் வேண்டும், வாஷரைப் புதிதாகப் போட வேண்டும், கடைசி மரை விடுபடும்போது சூடான எண்ணெய் கைமேல் வழியும். வால்வு இருந்தால் லீவரைத் தூக்கிக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். இதை வாங்குவதா வேண்டாமா என்பது கடைக்காரரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் விஷயம்போலத் தோன்றும். ஆனால் தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது: ஒரு கடமையைச் செய்வது எளிதாகிவிட்டால், அதில் வைத்த கவனமும் போய்விடுமா?

போய்விடும் என்று வாதிட்டவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் போர்க்மன். 1984-இல் வெளியான ‘டெக்னாலஜி அண்ட் தி கேரக்டர் ஆஃப் கன்டெம்பரரி லைஃப்’ என்ற நூலில், நவீனக் கருவிகள் பயனை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, அதைத் தரும் இயக்கத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன என்றார். விறகடுப்பு இருந்த வீட்டில் விறகு சேர்ப்பதும் நெருப்பு மூட்டுவதும் குடும்பத்தாரின் வேலையாக இருந்தன. மைய வெப்பமூட்டி வந்தபின் சூடு மட்டும் மிஞ்சியது. வால்வின் மீதும் இதே குற்றச்சாட்டை வைக்க இடமுண்டு. போல்ட்டைக் கழற்றுகிறவர் அதைத் துடைத்துப் பார்ப்பார். காந்த முனையுள்ள போல்ட் என்றால், அதில் ஒட்டியிருப்பது என்ஜினின் உள்நிலையைச் சொல்லிவிடும். மெல்லிய சாம்பல் பசை வழக்கமான தேய்மானம். கண்ணுக்குத் தெரிகிற உலோகச் சில்லுகள் ஆபத்தின் அறிகுறி. வால்வு பொருத்தியபின் இந்தப் பார்வை நின்றுபோகிறது. இது உண்மையான இழப்பு. வால்வை ஆதரிப்பவர்கள் இதைச் சிறிதென்று ஒதுக்குவது சரியல்ல.

ஆனால் போர்க்மனின் வாதத்தை இதற்குமேல் நீட்டினால், உழைப்பும் கவனமும் ஒன்றே என்ற பிழையில் போய் முடியும். ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ இதற்கு நேரான சான்று தருகிறது. கதைசொல்லியின் மோட்டார்சைக்கிள் ஒரு பணிமனைக்குப் போகிறது. அங்கே ரேடியோ அலறுகிறது. மெக்கானிக்குகள் சுத்தியலும் உளியுமாகப் பாகங்களை உடைக்கிறார்கள். உண்மையான கோளாறோ, எண்ணெய் செல்லும் பாதையில் ஒடிந்து கிடந்த ஒரு மலிவான பின். அவர்கள் உழைக்காமல் இல்லை. மனம்தான் அங்கே இல்லை. டிரெயின் போல்ட்டின் கதையும் இப்படிப்பட்டதே. அலுமினிய சம்ப்பில் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கி மரையைக் கெடுப்பது பணிமனைகளில் அடிக்கடி நடக்கும் சேதம். வேலை கடினமாக இருந்தது அங்கே எந்தக் கவனத்தையும் வளர்க்கவில்லை.

திருக்குறளின் 54-ஆம் அதிகாரமான பொச்சாவாமை இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாகப் பிடிக்கிறது. அளவிறந்த மகிழ்ச்சியில் பிறக்கும் மறதியை அது மிகுந்த கோபத்தைவிடத் தீயதாக வைக்கிறது. அந்தப் பார்வையில் மறதியின் வேர் மனத்தின் மிதப்பில் இருக்கிறது; வேலை எளிதா கடினமா என்பதில் இல்லை. வால்வைப் பொருத்திவிட்டு, இனி வண்டியின் அடியில் பார்க்க எதுவுமில்லை என்று நினைப்பவருக்கே அந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே எது எளிதாக வேண்டும், எது கடினமாகவே இருக்க வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பயனுள்ளது. நல்ல வால்வு அந்தப் பிரிவினையைத் தன் அமைப்பிலேயே கொண்டிருக்கிறது: வேண்டும்போது திறப்பது எளிது, தற்செயலாகத் திறந்துகொள்வது கடினம். லீவர் வகையில், லீவரைப் பள்ளத்திலிருந்து விடுவித்த பிறகே திருப்ப முடியும். அதைப் பூட்டிவைக்கும் கிளிப்பும் உண்டு. ஸ்பிரிங் வகையில் மூடியைக் கழற்றிக் குழாய் இணைப்பைத் திருகினால்தான் எண்ணெய் வரும். ஒற்றை அசைவில் திறந்துகொள்ளும் வால்வை எவ்வளவு மலிவானாலும் தவிர்க்க வேண்டும். ஓடும் வண்டியில் எண்ணெய் முழுவதும் வடிந்தால் என்ஜின் சில நிமிடங்களில் அழிந்துவிடும். மரை அளவிலும் ஊகத்துக்கு இடமில்லை. டொயோட்டாவின் பல என்ஜின்களில் 12 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. புரியிடைவும், ஹோண்டாவின் பலவற்றில் 14 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடைவும் வழக்கம்; வண்டியின் கையேட்டைப் பார்த்தே வாங்க வேண்டும். வால்வின் துளை சிறியது என்பதால் எண்ணெய் மெதுவாக வடியும், அடியில் சிறிது தங்கவும் கூடும். என்ஜினை மிதமாகச் சூடாக்கிவிட்டுக் காத்திருந்தால் இந்தக் குறை பெரிதும் தீரும்.

எளிமை நேரடியாக அறத்துக்குத் துணைநிற்கும் இடம் கழிவு எண்ணெய். ஒரு முறை மாற்றும்போது வடியும் எண்ணெய் 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இந்தியச் சட்டமும் அதை அபாயகரக் கழிவாகவே வகைப்படுத்துகிறது. குழாய் மாட்டும் முனையுள்ள வால்வில் எண்ணெய் ஒரு சொட்டும் மண்ணில் விழாமல் நேரே கேனுக்குள் போகும். கேனில் சேர்ந்ததை மறுசுழற்சிக்குக் கொடுக்க மனம் வருவதுபோல, தரையில் சிந்தியதை யாரும் அள்ளிக்கொண்டு போவதில்லை. கீழ்த்தெருக் கிணற்றின் தண்ணீரைக் குடிப்பவருக்கு, ஆயில் மாற்றியவர் எத்தனை பாடுபட்டார் என்பதால் எந்த நன்மையும் இல்லை.

போல்ட்டோடு போன பார்வையையும் ஓரளவு மீட்கலாம். வடிப்பின் நடுவே வால்வை மூடி, ஒரு சிறு குப்பியில் மாதிரி பிடித்து ஆய்வுக்கு அனுப்புவது போல்ட்டில் சிரமமான காரியம், வால்வில் சுலபம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் லீவர் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, இணைப்பில் கசிவு உண்டா என்று துடைத்துப் பார்ப்பது புதிதாகச் சேரும் கடமை. கரடுமுரடான பாதையில் ஓடும், தரையிலிருந்து உயரம் குறைந்த வண்டிகளில், சம்ப்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் வால்வு கல்லில் மோதி உடையலாம். அவற்றுக்குப் பழைய போல்ட்டும் புதிய வாஷரும் அளவான இறுக்கமுமே தக்கவை.