ஒடிந்தால் பெருகும் உயிர்

நீரில் மிதந்து வாழும் பெரணிகளுள் சல்வீனியா மொலெஸ்டா என்னும் இனம், ஓர் உடலில் தங்குவது ஓருயிரா பல உயிர்களா என்னும் பழைய சமண சமய வினாவுக்குக் கண்முன் நிற்கும் சான்றாக அமைகிறது. தென்கிழக்குப் பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட இச்செடிக்கு வேர் கிடையாது. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் தோன்ற, அவற்றுள் இரண்டு நீர்மேல் விரிந்து மிதக்கின்றன. மூன்றாவது, நுண்ணிழைகளாகப் பிரிந்து நீருக்குள் தொங்கி வேரின் வேலையைச் செய்கிறது. மிதக்கும் இலைமேல் நிற்கும் மயிர்கள் நான்காகக் கிளைத்து நுனியில் மீண்டும் கூடிச் சிறு கூண்டுகளாகிக் காற்றைப் பிடித்துவைப்பதால், அமிழ்த்தினாலும் இலை நனையாமல் மேலெழுகிறது.

இதன் உயிரணுக்களில் குரோமோசோம்கள் ஐந்து தொகுதிகளாக, மொத்தம் 45 உள்ளன. ஒற்றைப்படைத் தொகுதிகள் இணைசேர்ந்து முறையாகப் பிரிய இயலாமையால், பெரணிகள் விதைக்கு மாற்றாக உண்டாக்கும் ஸ்போர் எனும் நுண்துகள்கள் இதில் வளமற்றுப் போகின்றன. ஆகவே ஒடிவது ஒன்றே இதன் இனப்பெருக்கம்; மொட்டுள்ள ஒரு கணு பிரிந்தால் அதுவே முழுச் செடியாகிறது. சத்து மிகுந்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நாள்களில் இருமடங்காகும் இச்செடி, 1939இல் தாவரவியல் ஆய்வுக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு இலங்கையின் நீர்நிலைகளில் பரவியது. கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்னும் பெயரோடு குட்டநாட்டு வயல்களையும் கால்வாய்களையும் மூடியது.

சமணம் தாவரங்களை, தொடுவுணர்வு மட்டும் உடைய ஓரறிவுயிர்களாகக் கொண்டு, ஓர் உடலுக்கு ஓருயிர் உடையவை 'பிரத்தியேகம்' என்றும், எண்ணற்ற உயிர்கள் ஓருடலைப் பகிர்ந்து ஒன்றாக உண்டு ஒன்றாக மூச்சுவிடுபவை 'சாதாரணம்' என்றும் பிரிக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திரர் இயற்றிய கோம்மடசாரம், வெட்டியபின் மீண்டும் முளைப்பதைச் சாதாரண உடலின் அடையாளங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. உயிர் பிளவுபடாதது என்பது சமணத்தின் அடிப்படை. ஆகவே ஒடிந்த துண்டு தனித்து வாழுமாயின், அதற்குரிய உயிர் ஒடிவதற்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதே இவ்வடையாளத்தின் உட்பொருளாகலாம். நுண்ணோக்கி இல்லாத காலத்தில், முளைக்கும் திறனைக் கொண்டே உயிரை எண்ண முனைந்த இந்நுட்பம் வியக்கத்தக்கது.

இந்த அளவுகோலின்படி பெரணிப் படுகை ஒன்றை அழிப்பது எண்ணற்ற உயிர்களை அழிப்பதாகும். அதனை விட்டுவைத்தாலோ, ஒளி புகாமல் நீரில் உயிர்வளி குன்றி, ஐயறிவுடையவையாகச் சமணம் கருதும் மீன்கள் மடிகின்றன. எண்ணிக்கையே அளவாயின் பெரணியே வெல்லும். ஆனால் அந்த வாதத்தைச் சமணம் தொடக்கத்திலேயே மறுத்திருக்கிறது. பல சிற்றுயிர்களைக் காப்பதற்காக ஆண்டுக்கு ஒரே யானையைக் கொன்று உண்பதாகக் கூறிய துறவிகளை ஆர்த்ரகர் என்னும் சமணர் மறுத்துரைப்பதைச் சமணத்தின் சுவேதாம்பரப் பிரிவினரது நூலான சூத்ரகிருதாங்கம் காட்டுகிறது. அறிவு மிகுந்த உயிருக்கு இழைக்கும் ஊறு கனமானது என்பதே நெறி. ஆயினும் ஓரறிவுயிரைக் கொல்வது அதனால் குற்றமற்றதாகிவிடாது.

1980இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள மூண்டாரா ஏரியில், இப்பெரணியைக் கட்டுப்படுத்தப் பிரேசிலிலிருந்து கொணர்ந்த இரண்டு மில்லிமீட்டர் அளவேயான கூன்வண்டு விடப்பட்டது. வண்டு மொட்டுகளைத் தின்ன, அதன் புழு தண்டைத் துளைத்தது. ஏரியை மூடியிருந்த படுகை ஓராண்டு சொச்சத்தில் சிதைந்து அமிழ்ந்தது. கொன்றது வண்டின் இயல்பு என்று சொல்லி விலகச் சமண அறம் இடந்தராது; தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் அது வினையாகவே கணக்கிடுகிறது. துறவி இம்மூன்றையும் துறந்தவராதலால் அவ்வண்டைக் கையிலிருந்து விட இயலாது. தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் கொலையை முற்றிலும் தவிர்க்க இயலாதவர் என்று அந்நெறியே ஏற்றுக்கொண்ட இல்லறத்தார், வயலையும் மீனையும் காக்க அதனை விடலாம். விட்ட வினை அவரையே சாரும்.