தாயின் சரீரமும் வைத்தியர் கத்தியும்

சில மாதங்களுக்கு முன் பட்டணத்தில் நடைபெற்ற ஒரு சீர்திருத்தத் திருமணத்திற்குச் சென்றிருந்தோம். தாய்மையின் பெருமையைக் குறித்து மேடையில் அரைமணி நேரம் பேசிய நண்பர் ஒருவர், பந்தியில் உட்கார்ந்ததும் தம் மனைவியாரின் வயிற்றைச் சுட்டி, "மூன்றாவது பிறந்து இரண்டு வருஷமாயிற்று; நாலாவது எப்போது என்று கேட்கிறார்கள்!" என்று சொல்லிச் சிரித்தார். பந்தியிலிருந்தோர் எல்லோரும் சிரித்தனர். அந்த அம்மையாரும் சிரித்தார். சில வாரங்களுக்குப் பின் அவர் ஒரு ரண சிகிச்சை வைத்தியரிடம் யோசனை கேட்கச் சென்றார் என்ற செய்தி பரவியபோது, "இக்காலத்துப் பெண்களுக்கு ஆடம்பரம் மிஞ்சிவிட்டது" என்று முதன்முதல் சொன்னவர்களும் அந்தப் பந்தியிலிருந்தவர்களே.

பிரசவத்தினால் மாறிய சரீரத்தைக் கத்தியால் திருத்திக்கொள்வது தகுமா என்பதே இங்கு நாம் விசாரிக்க எடுத்துக்கொண்ட கேள்வி.

"இயற்கைக்கு விரோதம்" என்பார் கூற்றை அதிகமாகப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. பச்சைக் குழந்தையின் காதில் துளையிட நாளும் நட்சத்திரமும் பார்ப்பவர்கள், நரைத்த மயிருக்குச் சாயம் பூசிக்கொள்ளும் ஆடவர்கள், பல் விழுந்தால் பொய்ப்பல் கட்டிக்கொள்பவர்கள் ஆகிய இவர்களுக்கு ஒரு ஸ்திரீயின் வயிற்றண்டை வந்தபோதுதானா இயற்கையின் ஞாபகம் வரவேண்டும்? பிள்ளை பெற்றவளின் வயிற்றைப் பழஞ்சேலையால் இறுக்கிக் கட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். இந்நாட்டு மலாய்ச் சகோதரிகள் பெங்கோங் என்னும் நீண்ட துணியைச் சுற்றுகின்றனர். ஆகவே பழைய உருவம் மீளவேண்டும் என்னும் ஆசை மேல்நாட்டிலிருந்து நேற்றுக் கப்பலேறி வந்ததன்று. புதிதாக வந்தது கத்தி ஒன்றே.

அக்கத்தியும் அவ்வளவு புதிதல்ல. 1899-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஹோவர்ட் கெல்லி என்னும் வைத்தியர், தொங்கிப் பாரமாயிருந்த வயிற்றுக் கொழுப்பை அறுத்தெடுத்தார். பிரேசில் தேசத்து ஈவோ பிட்டாங்கி 1960-களில் இம்முறையைச் செம்மை செய்தார். 2016-இல் மறைந்த அவர், ரியோ நகரின் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் ஏழைகளுக்கென்று ஒரு பிரிவை நடத்தி, அழகு தனவந்தர்களுக்கு மாத்திரம் உரியதன்று என்று வாதித்தார். ஏழைக்குச் சோறுதான் வேண்டும், அழகு வேண்டியதில்லை என்று ஏழையல்லாதோரே தீர்மானித்துவிடும் வழக்கத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று "மம்மி மேக்ஓவர்" என்று விளம்பரம் செய்யப்படுவது ஒரே சிகிச்சையன்று. வயிற்றை இறுக்குதல், தளர்ந்த ஸ்தனங்களை உயர்த்துதல், குழாயால் கொழுப்பை உறிஞ்சுதல் ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ சேர்த்து விற்பதற்கு இட்ட பெயர் அது. இவற்றுள் முதலாவதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப்பட்டைகள் கர்ப்பகாலத்தில் விலகுகின்றன. பிரசவத்திற்குப் பின் பலருக்குச் சில மாதங்களில் தாமே நெருங்கிவிடும்; தக்க தேகப்பயிற்சி அதற்கு உதவும். சிலருக்கு நெருங்குவதில்லை. தொப்புளில் குடல் பிதுங்குவதும், தொங்கிய தோல்மடிப்பில் வியர்வை தேங்கிப் புண்ணாவதும் உண்டு. அப்போது வைத்தியர் தசைகளைச் சேர்த்துத் தைத்து, மிஞ்சிய தோலை அறுத்தெடுக்கிறார். இடுப்பின் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் வரை தழும்பு நிற்கும். கொழுப்பை உறிஞ்சும் குழாயோ தசையை நெருக்காது, தோலை இறுக்காது. தொப்புளுக்கு மேலுள்ள பிரசவக் கோடுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நீர் கோத்தல், சீழ் பிடித்தல், காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்கேறி உயிருக்கே மோசம் விளைத்தல் முதலிய அபாயங்களும் உண்டு. இனிப் பிள்ளை வேண்டாம் என்று நிச்சயித்தபின் செய்துகொள்வதே உத்தமம் என்பர். மறுபடி கருவுற்றால் தைத்த தசை மீண்டும் விலகக்கூடுமல்லவா?

இவற்றுள் எது வைத்தியம், எது அலங்காரம்? புண்ணுக்கு மருந்திடுவது வைத்தியம் என்கிறோம். கண்ணாடியின் முன் நிற்கக் கூசி, உடன்பிறந்தாளுக்கு எதிரிலும் உடைமாற்ற மறுக்கும் ஒருத்தியின் துயரத்தை அலங்காரம் என்று தள்ளிவிடுகிறோம். அக்கோட்டை இழுப்பவர் பெரும்பாலும் பிள்ளை சுமவாதவரே.

கர்ப்பத்தடை நம்மவரிடையே பேசப்பட்ட 1930-களிலும் இதே இயற்கைக் கூச்சல் எழுந்தது. அக்காலத்தில் பெரியார் ஈ.வெ.ரா. ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டினார். மற்றவர்கள் மாதரின் தேக சுகத்துக்காகவும் குடும்பப் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடையை ஆதரிக்க, தாம் பெண்ணின் விடுதலைக்காகவே ஆதரிப்பதாக எழுதினார். அவ்வளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கும்போதுதான் நமக்குத் தயக்கம் உண்டாகிறது. கர்ப்பத்தடை ஆடவன் இச்சைக்கு எதிரே பெண்ணின் கையில் ஓர் ஆயுதம். இந்தக் கத்தியோ, பல சமயங்களில், ஆடவன் கேலிக்கு அவள் செலுத்தும் அபராதமாக இருக்கிறது. தவணைமுறையில் கட்டலாம் என்று விளம்பரக்காரர் சொல்வதும் அந்த அபராதத்தைத்தான்! ஆயினும் அபராதம் கட்டுகிறவளைப் பழிப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? வேண்டுமென்று அவளே நிச்சயித்தால் அது அவள் சரீரம், அவள் உரிமை. நம்மிடம் அனுமதிச் சீட்டுக் கேட்க வேண்டியதில்லை. நாம் விசாரிக்க வேண்டியது பந்தியில் சிரித்தவர்களை.

தாய்மையைப் புகழ்வது மலிவான காரியம். பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப்போன தாய்மாரின் உழைப்பில் வளர்ந்த சமூகம் நம்முடையது. மலேசியாவில் தொழிலாளப் பெண்ணுக்குச் சட்டப்படி உரிய பிரசவ விடுமுறை 60 நாட்களிலிருந்து 98 நாட்களாக உயர 2023-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெற்றவளின் சரீரம் தேறுவதற்கு நாள் கொடாத உலகம், அது தேறவில்லையே என்று மட்டும் உற்றுப் பார்க்கிறது.

அந்த அம்மையாரைப் பின்னர் ஒருநாள் எம் வீட்டில் கண்டோம். வைத்தியர் சகலமும் மறைக்காமல் சொன்னாராம். செலவைப் பற்றிக் கணவர் ஆட்சேபிக்கவில்லை. தழும்புக்கு இவர் அஞ்சவில்லை. ஆனால் சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய 6 வாரங்கள் பாரம் எதுவும் தூக்கலாகாது, இரண்டு வயதுப் பிள்ளையைக்கூடத் தூக்கலாகாது என்று வைத்தியர் சொன்னதை வீட்டில் வந்து தெரிவித்திருக்கிறார்.

"அதற்கு அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டோம்.

"உங்கம்மாவை வரச் சொல் என்றார்."


அம்மையாரின் தாயாருக்கு வயது 71.