சொல்லாமல் மூடிய கதவு

ஆபத்தை அறிந்த ஒருவன் தான் மட்டும் விலகிக்கொண்டால் போதுமா என்ற கேள்விக்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒரு விமான விபத்து. 2004 ஜனவரி 3ஆம் தேதி எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கிலிருந்து கெய்ரோ வழியாகப் பாரிஸுக்குக் கிளம்பிய ஃப்ளாஷ் ஏர்லைன்ஸின் போயிங் 737 சில நிமிஷங்களில் செங்கடலில் விழுந்தது. 148 பேரும் இறந்தனர். பெரும்பாலோர் பிரெஞ்சு உல்லாசப் பயணிகள். அந்தக் கம்பெனியை ஸ்விட்சர்லாந்து 2002லேயே பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தடைசெய்திருந்தது என்பது பொதுமக்களுக்குத் தெரியவந்தது பிறகுதான்.

ஸ்விஸ் அதிகாரிகள் பொய் ஏதும் சொல்லவில்லை. சோதித்தார்கள், தடுத்தார்கள், பேசாமலிருந்தார்கள். இந்த மௌனத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1944ஆம் வருஷத்துச் சிகாகோ ஒப்பந்தத்தின் 33வது ஷரத்துப்படி, ஒரு நாடு தன் விமானத்துக்கு அளிக்கும் தகுதிச் சான்றிதழை, அது குறைந்தபட்சத் தரத்தை ஒட்டியிருக்கும்வரை, மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே அந்நிய விமானத்தைச் சந்தேகிப்பது இன்னொரு அரசாங்கத்தின் கையெழுத்தைச் சந்தேகிப்பதாகிவிடுகிறது. அரசாங்கங்கள் பரஸ்பரம் மிகவும் மரியாதைக்காரர்கள்.

ஸ்விஸ்காரர்கள் கண்ட குறைகள்தாம் விபத்துக்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. காரணம் பற்றி எகிப்தியரும் அமெரிக்கரும் ஒத்துப்போகவுமில்லை. இதை மௌனத்துக்குச் சமாதானமாகச் சொல்லலாம். எனக்கு அது ஏற்பில்லை. அந்த விமானம் பத்திரமாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்திருந்தாலும், 'நான் வரவில்லை' என்று சொல்லும் வாய்ப்பு பயணிக்கு மறுக்கப்பட்டதாகத்தான் இருந்திருக்கும்.

2006 மார்ச்சில் ஐரோப்பிய யூனியன் தன் தடைப் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட்டது. விமானத்தை உண்மையில் எந்தக் கம்பெனி ஓட்டுகிறது என்று பயணியிடம் சொல்லியாக வேண்டும் என்பதும் சட்டமாயிற்று. நல்ல காரியம். ஆனால் காங்கோ ஜனநாயகக் குடியரசு, லைபீரியா, சியரா லியோன் போன்ற நாடுகளின் கம்பெனிகள் அதில் அநேகமாக மொத்தமாகவே இடம்பெற்றன. இதை வெள்ளைக்காரத் திமிர் என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். நம்மில் சிலர் அப்படித்தான் முடித்துக்கொள்வார்கள். எனக்கு உறுத்துவது வேறு. பட்டியல் சொல்வது 'எங்கள் வானத்துக்குள் வராதே' என்பதுதான். காங்கோவில் ரோடு போய்ச் சேராத ஊருக்கு அவசரமாகப் போக வேண்டியவன் அந்தக் கம்பெனிகளில் ஏதாவது ஒன்றின் விமானத்தில்தான் ஏறுகிறான். பட்டியலை அவன் வரிவிடாமல் படித்திருந்தாலும் ஏறத்தான் வேண்டும். அவனுக்கும் தெரிவித்தாயிற்று என்று பிரஸ்ஸல்ஸ் சொல்லிக்கொள்ளலாம்.