விலை கொடுப்பது யார்?

"படம் பிடித்தால் ஆயுள் குறையும்" என்று அஞ்சி, காமிராவைக் கண்டதும் முந்தானையால் முகம் மறைத்த பாட்டிமார் நம் கொங்குச் சீமையிலும் இருந்தனர். அந்த அச்சத்தைக் கண்டு நாம் நகைத்தோம். நகைத்தது சரியே! கண்ணாடி வில்லைக்குள் புகுவது ஒளி, உயிரன்று. ஒளியைப் பதிவு செய்வதால் எவர் ஆயுளும் குறைவதில்லை.

ஆனால், தோழர்களே, ஒன்று கேட்கிறேன். அந்த மூடநம்பிக்கையை வெளியேற்றிய இடத்தில் நாம் எதைக் குடியேற்றினோம்?

அன்று படம் பிடிப்பவனுக்கு மற்றொரு கடிவாளமும் இருந்தது. அதன் பெயர் செலவு. ஒரு பிலிம் சுருளில் 12 படம். பின்னர் வந்த சிறிய காமிராவில் 36. பிலிமுக்கு விலை, கழுவக் கூலி, அச்சிடக் கூலி. ஆகவே விரல் அழுத்துமுன் மனம் ஒருமுறை எண்ணிப் பார்த்தது. இன்று கைப்பேசி வந்துவிட்டது. ஆயிரம் படம் எடுத்தாலும் காலணாச் செலவில்லை என்கிறோம். செலவில்லையா? உண்டு! விலை மறையவில்லை, விலை கொடுப்பவர் மாறிவிட்டார். அன்று எடுப்பவன் கொடுத்தான். இன்று எடுக்கப்படுபவர் கொடுக்கிறார்.

சான்று வேண்டுமா? கோவைக்கு மேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் திரிந்த சின்னத்தம்பி என்ற யானையை நினைத்துப் பாருங்கள். 2019 ஜனவரியில் அதைப் பிடித்து டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்டனர். அது அங்கே தங்கவில்லை. காட்டை விட்டு இறங்கி, உடுமலை, மடத்துக்குளம் பக்கத்துக் கரும்புத் தோட்டங்கள் வரை நடந்து வந்தது. ஊரே திரண்டது. கைகள் உயர்ந்தன, கைகளில் கைப்பேசிகள் உயர்ந்தன. வழி தெரியாமல் நின்ற உயிர், வேடிக்கைப் பொருளாயிற்று. பிப்ரவரி 15 அன்று அது மீண்டும் பிடிபட்டது; கூண்டு கண்டது; கும்கியாகப் பழக்கப்பட்டது. அதைப் பிடித்தது கூட்டமன்று. நீதிமன்றம் வரை சென்று எடுத்த முடிவு அது. ஆயினும் அந்த நாட்களில் தோட்டத்தைச் சூழ்ந்து நின்றவர்களில், "என் வருகை இதற்கு உதவியா, உபத்திரவமா?" என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டவர் எத்தனை பேர்?

யானையாவது பெரிய உயிர், சினந்தால் துரத்தும். துரத்தவும் வழியற்ற உயிரைப் பாருங்கள். அதே ஆனைமலையில் இருவாச்சிப் பறவை உண்டு. முட்டையிடும் பருவத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டுக்கொள்ளும். மாதக் கணக்கில் அதற்கும், பின்னர் குஞ்சுக்கும், பழம் கொண்டுவந்து ஊட்டுவது ஆண் பறவையே. மரத்தடியில் காமிராவுடன் கூட்டம் நின்றால் அது நெருங்க அஞ்சும். கீழே நிற்பவனுக்குக் கிடைப்பது அழகிய படம். மேலே இருப்பதற்குக் கிடைப்பது பசி. பறவையின் கூட்டைக் கலைத்துத் தொல்லை தருவதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். துப்பாக்கி இல்லாமலும் வேட்டையாடலாம் என்று சட்டம் அறிந்திருக்கிறது, நாம் அறிந்தோமா?

மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) முதுமலை போன்ற காடுகளில் பல்லாண்டு திரிந்து, தாமே பொருத்திய கனத்த காமிராவால் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். அந்தப் படங்களுக்கான விலையை அவரே கொடுத்தார். தம் நேரமாக, தம் உழைப்பாக.

விலங்கை விடுங்கள், மனிதனிடம் வருவோம். 2020 ஊரடங்கு நாட்களில் ஓர் அரிசிப் பையை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு நிற்க, ஆறாவதாக ஒரு தாய், வாங்கும் கையோடு காமிராவைப் பார்க்க நேர்ந்த காட்சிகளைக் கண்டோம். அரிசி இலவசம் என்றார்கள். இல்லை! அதற்கு அந்தத் தாய் விலை கொடுத்தாள். அந்த விலையின் பெயர் தன்மானம். தன்மானம் பேசும் நாம், பிறர் மானத்தைப் படச்சட்டத்துக்குள் அடகு வைக்கலாமா?

"அப்படியானால் படமே எடுக்கக்கூடாதா? கொடுமையை உலகுக்குக் காட்ட வேண்டாமா?" என்று கேட்பீர்கள். காட்டத்தான் வேண்டும்! 1972இல் வியட்நாமில் நாப்பாம் தீயில் வெந்து ஓடி வந்த சிறுமியின் படம், போரின் கோரத்தை உலகின் கண்முன் நிறுத்திற்று. அங்கே விரல் அழுத்தாதிருப்பதே குற்றமாகியிருக்கும். ஆயினும் அந்தப் பெண்ணே பின்னாளில், அப்படம் தனக்கு நெடுங்காலம் சுமையாக இருந்ததென்று சொல்லியிருக்கிறார். உண்மைக்காக எடுத்த படத்துக்கே இவ்வளவு விலை என்றால், வேடிக்கைக்காக எடுக்கும் படத்துக்கு?

அடக்கமுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் அதிலே நாவைக் காக்கச் சொன்னார். நம் காலத்தில் விரலையும் காக்க வேண்டியிருக்கிறது. அச்சத்தால் அடங்கியவன், அச்சம் போனதும் அவிழ்கிறான். செலவால் அடங்கியவன், செலவு போனதும் அவிழ்கிறான். காவலர் வருவாரென்று அடங்கியவன், அவர் திரும்பியதும் அவிழ்கிறான். அறிவால் அடங்கியவன் மட்டுமே எவர் பார்க்காவிட்டாலும் அடங்கி நிற்கிறான். கடவுள் பார்க்கிறார் என்பதற்காகவன்று. எதிரே நிற்பது ஓர் உயிர் என்பதற்காக!

ஆகவே, தோழனே, அடுத்த முறை காமிராவை உயர்த்துமுன் ஒரே ஒரு கேள்வி கேள்: "இந்தப் படத்துக்கு விலை கொடுப்பது யார்?" நீயென்றால் எடு. அவர் அறிந்து இசைந்து கொடுக்கிறார் என்றால் எடு. ஏதுமறியாத உயிரொன்று கொடுக்கிறதென்றால், கையைக் கீழே இறக்கு. கண்ணால் பார், நெஞ்சில் வை. எடுக்காமல் விட்ட அந்தப் படம் எந்த ஆல்பத்திலும் இராது. ஆனால் பொந்துக்குள் ஒரு குஞ்சு பசியாறியிருக்கும்.