சும்மா இருக்கலாமா?

இந்த மாதம் உபவாசத்தைப்பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு, எழுதக் கூச்சமாயிருக்கிற ஒரு காரியத்தை எழுதுகிறேன்.

நான் முன்பு ஊழியம் செய்த இடத்தில் ஓய்வுநாள் பள்ளிக்கு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வருவான். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) நல்லாப் பாடுவான். ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு பாடுறதை நிறுத்திட்டான். ஆராதனை முடிந்தாலும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் பாய் சுருட்டுகிற வேலையை இழுத்து இழுத்துச் செய்வான். இந்த வயதில் படுக்கையை நனைக்கிறான் என்று தாயார் அழுதார்கள். பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் திடுக்கிடுவான்.

நாங்கள் என்ன செய்தோம்? பயத்தின் ஆவி என்று முடிவுகட்டி, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நான்கு ஆண்கள் அவனைச் சுற்றி நின்று, தலையில் கைவைத்து அழுத்தி, அதட்டி ஜெபித்தோம். அவன் உதறினான். உதறினதையே அடையாளமாக எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாய் ஜெபித்தோம். தொட்டாலே பயப்படுகிற பிள்ளையை எட்டுக் கைகள் பிடித்துக்கொண்டிருந்தன. ஜெபத்தை நான் குறைசொல்லவில்லை. எங்களுக்குக் கண் இல்லாமற்போயிற்று, அதைத்தான் சொல்கிறேன்.

சபையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா அன்று என்னைத் தனியே கூப்பிட்டார்கள். "ஐயா, யாருக்குப் பயப்படுறான்னு ஒருத்தராவது அவனைக் கேட்டீங்களா?" என்றார்கள். அடுத்த ஞாயிறு மெதுவாய்க் கேட்டேன். "மாமா இருக்கிறப்போ என்னைத் தனியா விடவேண்டாம்னு அம்மாகிட்ட சொல்றீங்களா?" அவ்வளவுதான் சொன்னான்.

அந்த மாமா யார் என்றால், சபைக்கு மைக் செட் வாங்கிக்கொடுத்தவர். காணிக்கையில் முதல் கை அவருடையது. நான் ஆறு வாரம் சும்மா இருந்தேன். உறுதியாகத் தெரியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இங்கேதான் கேள்வி. உறுதியாகத் தெரியாமல் ஒரு மனுஷன்மேல் சொல்லலாமா? அது புறங்கூறுதல் ஆகாதா? இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டாமா? இந்தக் கேள்வி லேசானது அல்ல. பொய்யாய்க் குற்றஞ்சாட்டப்பட்டு மானம் இழந்தவர்களும் உண்டு. ஆனால் உபாகமம் 19-ம் அதிகாரத்தைக் கவனித்து வாசியுங்கள். சாட்சிகளின் எண்ணிக்கை தீர்ப்புக்காகச் சொல்லப்பட்டது. நன்றாய் விசாரிப்பது நியாயாதிபதிகளின் வேலை என்று அங்கேயே இருக்கிறது. மூன்று அதிகாரம் தள்ளி, வயல்வெளியில் அகப்பட்ட பெண்ணுக்கு இரண்டாம் சாட்சியை நியாயப்பிரமாணம் கேட்கவே இல்லை. அவள் கூப்பிட்டிருப்பாள், கேட்க ஆள் இல்லை என்று அவள் பக்கம் நிற்கிறது. பூட்டின அறைக்குள் நடக்கிறதற்கு யார் சாட்சி? லேவியராகமம் 5:1-ல், கண்டதை அறிந்ததைத் தெரிவிக்காதவன் தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்கிற பொருளில் இருக்கிறது. சொல்வது ஒரு வேலை, தீர்ப்பது வேறு வேலை. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டு இரண்டையும் செய்யவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே ஆண் பெண் எந்தப் பிள்ளையானாலும், பாலியல் குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கலாம் என்று அஞ்சினாலோ, காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது அதன் 19-ம் பிரிவு. ஆதாரம் கொண்டுவா என்று கேட்கவில்லை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. குற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழுள்ளவருடைய குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம்வரை. மேய்ப்பர்களே, மூப்பர்களே, நம்மைத்தான்.

சிலர், மத்தேயு 18-ன்படி முதலில் அந்தச் சகோதரனிடம் தனியே பேசுவோம் என்பார்கள். அந்த வசனம் உனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்தவனைக் குறித்தது. இங்கே பாதிக்கப்பட்டது நீ இல்லையே! அதே அதிகாரம் சிறு பிள்ளையை நடுவில் நிறுத்தி, ஏந்திரக்கல்லைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. நீங்கள் போய்ப் பேசினால், அன்று ராத்திரி மிரட்டப்படுவது பிள்ளைதான்.

மன்னித்துவிடுவோம் என்பதும் அப்படியே. பிள்ளையின் காயத்தை மன்னிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தாமாரின் சம்பவத்தைப் பாருங்கள். அண்ணன்தானே என்று அப்சலோம் அவளை அடக்கினான். தாவீது ராஜா கோபப்பட்டார், ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டில் ரத்தம் சிந்திற்று. தாமாரோ பாழாய்ப்போனவளாய்த் தன் அண்ணன் வீட்டிலேயே கிடந்தாள்.

நம்ம சபையில அப்படி நடக்காது என்கிறவர்களுக்கு ஒன்று. மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏதோ ஒரு விதமான பாலியல் தொல்லையைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பையன்களும் ஏறக்குறைய பாதி. செய்தவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பப்பட்டவர்கள்.

நான் சொன்ன அடையாளங்கள் எதுவும் தனியாக எதையும் நிரூபிக்காது. படுக்கையை நனைக்க நூறு காரணம் உண்டு. ஆனால் பிள்ளை திடீரென்று மாறினால் கேளுங்கள். அவன் வாய் திறந்தால் குறுக்கே பேசாதீர்கள். "அவர் இப்படிச் செய்தாரா, அப்படிச் செய்தாரா" என்று எடுத்துக்கொடுக்காதீர்கள். ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உன்மேல் தப்பு இல்லை என்று சொல்லுங்கள். அவன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவைத்து, அன்றே போன் பண்ணுங்கள். 1098, காசு இல்லை. ஜெபக்குறிப்பாகச் சபையில் வாசிக்கவே வேண்டாம்.

ஆறாம் வாரம் அந்த அக்காவே 1098-க்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்கள். யூனிபார்ம் இல்லாமல் சேலையில் ஒரு பெண் எஸ்.ஐ. வந்து, தாயாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே கேட்டார்கள். அப்படித்தான் கேட்கவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம், எனக்கு அன்றுதான் தெரியும். என் சந்தேகம் சரியா தப்பா என்று நான் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆறு வாரத்தில் நடந்ததைப் பையன் பிற்பாடு தாயாரிடம் சொன்னான். அதை நான் எழுதமாட்டேன்.

நம்முடைய ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் 1098 என்று பெரிதாய் எழுதியிருந்தோம். போன மாதம் வெள்ளையடிக்கும்போது அழிந்துபோயிற்று. திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில்.