ஐந்தாவது மதிப்பெண்

எட்டரை மணிக்குப் பயிற்சி முடிந்து வந்த மகள் காரில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நான் ஸ்கூல் டீமுக்குப் போயிடறேன்."

2024 அக்டோபர் மாதம். மினசோட்டாவில் அந்த நேரத்துக்கு நன்றாக இருட்டிவிடும். தயிர்சாத டப்பாவை அவள் பக்கம் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை, போகிறேன் என்றாள். சொல்லிவிட்டு டப்பாவை வாங்கித் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். வீடு வரும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை.

2016 ரியோ ஒலிம்பிக்கில் தீபா கர்மாகர் வால்ட் பிரிவில் நான்காவதாக வந்தாரே, அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் அவளை ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பில் சேர்த்தோம். அப்போது அவளுக்கு ஆறு வயது. எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. கடைசி மூன்று ஆண்டுகளாக வாரத்துக்கு 20 மணி நேரம் பயிற்சி: திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை நாலரையிலிருந்து இரவு எட்டரை வரை. வீட்டுப்பாடம் காரில், சாப்பாடு காரில், பாதித் தூக்கமும் காரில். நவராத்திரிக்கு எந்த வீட்டுக் கொலுவுக்கும் அவளை அழைத்துப்போக முடிந்ததில்லை.

அவளுடைய உள்ளங்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரம் மாறிய இரண்டு கம்பிகளைப் பிடித்துச் சுழலும்போது தோல் கொப்புளித்து, ஒருநாள் பொத்தென்று பிய்ந்துவிடும். இங்கே அதற்கு 'ரிப்' என்று பெயர். முதல் ரிப் வந்த அன்று பிள்ளைகள் அதை எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்படுவார்கள், படமெடுத்து வைத்துக்கொள்வார்கள். இரவில் நான் அந்தக் கையைக் கழுவி, காய்ந்து நிற்கும் ஓரத்தைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கி, சுற்றிலும் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய சாக்ஸ் ஒன்றைக் கையுறை மாதிரி மாட்டிப் படுக்க வைப்பேன். அந்தப் பத்து நிமிடம்தான் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் நேரம். வகுப்பில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எந்த டீச்சர் கர்ப்பமாக இருக்கிறார், எல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரியவரும். கரூரிலிருந்து என் அம்மா போன் செய்தால் முதல் கேள்வியே, "புள்ளை கை எப்படி இருக்கு?" என்பதுதான்.

அமெரிக்காவில் இந்த விளையாட்டைக் கற்க இரண்டு வழி உண்டு. கிளப் என்பது பெற்றோர் பணம் கட்டிச் சேர்க்கும் தனியார் பயிற்சிக்கூடம். அங்கே ஒன்றிலிருந்து பத்து வரை லெவல்கள். ஐந்தாவது வரை எல்லாப் பிள்ளைகளும் விதித்த அசைவுகளை ஒரே மாதிரி செய்ய வேண்டும். ஆறாவதிலிருந்து ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக அமைத்துத் தருவார்கள். பத்துக்கும் மேலே எலீட். ஒலிம்பிக்குக்குப் போகிறவர்கள் அங்கிருந்துதான். பள்ளி அணி வேறு. மினசோட்டாவில் அதன் பருவம் நவம்பர் நடுவில் தொடங்கி பிப்ரவரியில் முடிந்துவிடும். ஆடுவது வால்ட், இரட்டைக் கம்பி, பீம் என்ற ஒடுங்கிய உத்திரம், தரை ஆகிய அதே நான்கு கருவிகளில்தான், ஆனால் அவ்வளவு கடினமான வித்தைகள் தேவையில்லை. சில மாநிலங்களில் பள்ளிப் பருவம் நடக்கும்போது கிளப் சார்பில் போட்டியிட விடமாட்டார்கள். சில இடங்களில் இரண்டையும் செய்யலாம். பள்ளியில் இந்த அணியே இல்லாத ஊர்களும் ஏராளம். 1972இல் டைட்டில் நைன் சட்டம் வந்து பள்ளி விளையாட்டில் பெண்பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. அதே ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் ஓல்கா கோர்பட், 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கொமனேச்சி என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகள் எல்லோரையும் ஈர்த்தார்கள். அவர்களைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைகளுக்காகப் பல பள்ளிகள் அணி வைத்தன. பிறகு கருவிகளின் விலை, காப்பீடு, ஆள் கிடைக்காமை என்று ஒவ்வொன்றாக மூடினார்கள். மினசோட்டாவில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

மகள் அப்போது எட்டாம் லெவல். கிளப் பெற்றோரின் பேச்சில் 'பள்ளி அணி' என்ற சொல்லுக்கே ஒரு இறக்கம் உண்டு. முடியாதவர்கள் போகிற இடம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, குரலில் தெரியும். நானும் அந்தக் குரலில் பேசியிருக்கிறேன்.

தலைமைப் பயிற்சியாளர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். இப்போது விட்டால் திரும்பி வருவது கடினம். இரண்டு ஆண்டில் பத்தாம் லெவல், அங்கிருந்து கல்லூரி அணி என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அன்றிரவு என் கணவர் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான 'டிவிஷன் ஒன்'னில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் அறுபதைச் சுற்றி. அப்போதைய விதிப்படி ஒரு கல்லூரிக்கு 12 முழு உதவித்தொகை. நான்கு ஆண்டு மாணவிகளுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பன்னிரண்டு. அப்படியானால் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு இருநூறு இடம்கூடத் தேறாது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "எட்டு வருஷம்மா" என்றார். கணக்குப் பார்த்தால் வாய்ப்பு இல்லை என்றுதான் வந்தது. ஆனாலும் அவர் வாயில் வந்தது எட்டு வருஷம்தான்.

எனக்கும் அதே நோய்தான். சுனிசா லீ எங்கள் ஊர்ப் பெண் மாதிரி. செயின்ட் பால் நகரத்து ஹ்மோங் குடும்பம். எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய லிட்டில் கனடாவில் உள்ள மிட்வெஸ்ட் ஜிம்னாஸ்டிக்ஸில் பயிற்சி பெற்றவர். பீம் வாங்கக் கட்டுப்படியாகாமல் அவருடைய அப்பா மரத்திலேயே ஒன்று செய்து வீட்டில் போட்டுக்கொடுத்த கதை அமெரிக்கா முழுக்கத் தெரியும். 2021 ஜூலையில் டோக்கியோவில் நான்கு கருவிகளுக்கும் சேர்த்த தனிநபர் தங்கத்தை அவர் வென்றபோது மகளுக்குப் பதினொரு வயது. ஊர்விட்டு வந்த ஒரு குடும்பம், கையால் செய்த ஒரு பீம், கழுத்தில் தங்கம். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அப்பாவின் இடத்தில் என் கணவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளை எந்த இடத்தில் வைத்தேன் என்பதை இப்போது நினைத்தால் வலிக்கிறது. அவளை அவளாக வைக்கவில்லை.

ஒலிம்பிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் பயிற்சி நேரத்தைக் கூட்டுவதற்காக ஹைஸ்கூலுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு வெள்ளி வென்ற மோகினி பரத்வாஜ், இந்தியத் தந்தைக்குப் பிறந்தவர், சிறுவயதிலேயே பயிற்சிக்காக வீட்டைவிட்டு வேறு மாநிலம் போனார். உச்சிக்குப் போனவர்கள் கொடுத்த விலை உச்சியிலிருந்து பார்க்கும்போது நியாயமாகத் தெரிகிறது. அதே விலையைக் கொடுத்து எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ நின்றுபோன ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கதையை யாரும் எழுதுவதில்லை. அவர்களை நான் கிளப்பில் பார்த்திருக்கிறேன். முதுகெலும்பில் விரிசல் கண்டு இடுப்புக்கவசம் மாட்டிய பதினைந்து வயதுப் பெண், ஒரு மாதம் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அடுத்த மாதம் அவள் லாக்கரில் வேறு பெயர் ஒட்டியிருந்தது.

நம் வீடுகளில் இது புதிதும் இல்லை. இங்கே தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பெண்கள் அரங்கேற்றம் முடிந்த மறுநாளே சலங்கையைப் பெட்டியில் வைத்துவிட்டு மீண்டும் எடுக்காமலே போனார்கள்! மண்டபம், அழைப்பிதழ், சென்னையிலிருந்து வந்த பக்கவாத்தியக்காரர்கள் என்று எல்லாம் இருந்தது. நடனம் மட்டும் அந்த மேடையோடு முடிந்தது. எதுவரை போனாள் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, இன்னும் ஆடுகிறாளா என்று கேட்கத் தோன்றுவதில்லை.

முடிவெடுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது வேறொரு விஷயம். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் சிகிச்சை என்ற பெயரில் தங்களைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய லாரி நாசர் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவருக்கு எதிராக 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினார்கள். வேலைக்கு நடுவில் காதில் மாட்டிக்கொண்டு நாள் கணக்காகக் கேட்டேன். சிலருக்கு அந்தக் கொடுமை நடந்தபோது பெற்ற தாய் அதே அறையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். எங்கள் கிளப்பில் அப்படி எதுவும் நடந்ததாக நான் சொல்லவில்லை. அங்கிருந்தவர்கள் பிள்ளைகளை அக்கறையோடு பார்த்துக்கொண்டவர்கள். ஆனால் வலித்தாலும் வாயைத் திறக்காதே, பெரியவர்களுக்குத் தெரியும் என்று பல ஆண்டுகள் பழக்கிய விளையாட்டு இது. அந்த விளையாட்டுக்குள் வளர்ந்த ஒரு பெண், பதினான்கு வயதில், குரல் நடுங்காமல் "போயிடறேன்" என்று சொல்கிறாள். அந்தச் சொல்லை நான் கையில் வாங்காமல் கீழே போட்டால், இன்னும் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்ல என்னிடம் ஏன் வரப்போகிறாள்?

ஏன் என்று அவளிடம் நான் கேட்டதே ஒரு வாரம் கழித்துத்தான். எண்ணெய் தடவும் நேரத்தில் கேட்டேன்.

"கிளப்ல நான் விழுந்தா எல்லாரும் அமைதியா ஆயிடுவாங்கம்மா. ஸ்கூல் மீட்டுக்குப் போய்ப் பாத்தேன், ஒரே சத்தம். விழுந்தாலும் சத்தம்."

"இவ்வளவு கத்துக்கிட்டதெல்லாம்?"

கையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். "எனக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் பிடிக்கும்மா. இப்படியே போனா பிடிக்காமப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

கிளப்பில் அந்த மாதமே சொல்லிவிட்டோம்.

இழப்பு இல்லை என்று எழுதினால் பொய்யாகும். ஓராண்டாக அவள் யுர்சென்கோ வகை வால்ட் பழகிக்கொண்டிருந்தாள். ஓடிவந்து, பக்கவாட்டில் கரணமடித்துப் பலகையில் முதுகு காட்டி இறங்கி, அப்படியே பின்னோக்கிப் பாய்ந்து மேசையில் கை ஊன்றி எழும்புவது. நுரைத்துண்டுகள் நிரம்பிய குழியில் குதித்துக் குதித்து, இன்னும் சில வாரங்களில் கெட்டி மெத்தைக்கு வர இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அந்தக் குழி கிடையாது. பயிற்சியும் இரண்டு மணி நேரம்தான். அந்த வால்ட் பாதியில் நின்றது. அவள் காற்றில் மிதந்த அந்தக் கணத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தவள் நான். இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது. சரியான முடிவுக்கும் துக்கம் உண்டு என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு மாலை, வெளியே மைனஸ் இருபது டிகிரி. எதிரணியின் பள்ளிக்கூட ஜிம்மில் மர பெஞ்சுகளில் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். பள்ளிப் போட்டியில் ஒவ்வொரு கருவியிலும் ஐந்து பேர் ஆடுவார்கள். உயர்ந்த நான்கு மதிப்பெண்களைத்தான் அணிக்குக் கூட்டுவார்கள். ஐந்தாவது எங்கும் சேராது. பீமில் மகள் மூன்றாவது ஆள். ஐந்து மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், நெஞ்சளவு உயரம். அணியிலேயே கடினமான தொடர் அவளுடையதுதான். பின்பாய்ச்சலில் கால் வழுக்கி விழுந்தாள். ஏறினாள். திருப்பத்தில் மறுபடி விழுந்தாள். ஒரு விழுதலுக்கு அரைப் புள்ளி போகும். 7.4. ஆனால் சுற்றிலும் இருந்த பெண்கள் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார்கள். அவள் சொன்னது உண்மைதான், விழுந்தபோதும் சத்தம் குறையவில்லை.

கடைசியாக ஏறியவள் பன்னிரண்டாம் வகுப்புப் பெண். கிளப் பக்கமே போகாதவள், எட்டாம் வகுப்பில் பள்ளி அணியில்தான் முதல்முறையாகக் கைகளை ஊன்றிக் கரணமடிக்கக் கற்றாளாம். உயரமான பெண், அந்த உயரமே பீமில் பாரம். பறக்கிற வித்தை எதுவும் அவளிடம் இல்லை. நடந்தாள், திரும்பினாள், ஒரு கார்ட்வீல் போட்டாள், ஒரு தாவல், இறங்கினாள். ஒவ்வொரு அடியிலும் அவள் தொடைகள் நடுங்குவது என் பெஞ்சிலிருந்து தெரிந்தது. ஒருமுறை உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, கைகள் காற்றைத் துழாவி, எப்படியோ நின்றாள். விழவில்லை. 7.65.

என் மகளின் மதிப்பெண் ஐந்தாவதாகிக் கணக்கிலிருந்து விழுந்தது. அந்தப் பெண்ணுடையது ஏறியது. மகள் ஓடிப்போய் அவளைத் தூக்க முயன்று, தூக்க முடியாமல், இருவரும் மெத்தையில் சரிந்தார்கள். எட்டு ஆண்டுகளில் எத்தனையோ மீட்டில் அவளைப் பார்த்திருக்கிறேன். இன்னொருத்தியின் மதிப்பெண்ணுக்காக அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அன்று எங்கள் அணி மூன்று புள்ளிக்கும் மேலான வித்தியாசத்தில் தோற்றது.

அணியின் பஸ் தனியே கிளம்பி வேறு தெரு வழியாகப் பீட்ஸா கடையில் நின்று வந்ததால், எங்கள் பள்ளி வாசலில் நான் ஒரு மணி நேரம் ஹீட்டரை ஓடவிட்டுக் காத்திருந்தேன். காரில் ஏறியதும், "7.65ம்மா! பாத்தியா? அவளோட பெஸ்ட்" என்றாள். தன்னுடைய 7.4 பற்றி ஒரு வார்த்தை இல்லை. தயிர்சாதம் வேண்டாம், வயிறு நிறைஞ்சிருக்கு என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல எண்ணெய்ப் புட்டியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். வலது கையை நீட்டினாள். ரிப் இருந்த இடத்தைச் சுற்றி நீல நிற டேப் ஒழுங்காக, அழகாகக் கட்டியிருந்தது. பஸ்ஸில் வரும்போதே அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் கழுவிக் கட்டிவிட்டாளாம். நான் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டு, இடது கையை நீட்டினாள்.

"இதுல இல்லை. ஆனா தடவு."